பியூஸ் போனது சரி, போர்டு ஏன் பிழைக்கவில்லை?

பழுதான ஒரு பவர் சப்ளையை முதன்முதலாகப் பிரித்துப் பார்ப்பவரைக் குழப்பும் காட்சி ஒன்று உண்டு. கரண்ட் உள்ளே நுழையும் இடத்தில் சின்னதாக ஒரு கண்ணாடி பியூஸ். அது போயிருக்கிறது. சரி, பியூஸ் தன் வேலையைச் செய்துவிட்டது. ஆனால் அதற்கு அடுத்தாற்போல் நீல நிறத்தில் பட்டன் மாதிரி இருந்த வட்டு ஒன்று இரண்டாகப் பிளந்து, கரி பிடித்துக் கிடக்கிறது. கொஞ்சம் தள்ளி நிற்கும், மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் பெரிய கெபாசிட்டரின் தலை உப்பியிருக்கிறது. வாசலில் காவலாளி இருந்தும் வீடு கொள்ளை போயிருக்கிறது. அப்புறம் பியூஸ் எதற்கு?

நியாயமான கேள்வி. பியூஸுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: தன் வழியாக எவ்வளவு கரண்ட் போகிறது என்பது. இன்னும் சரியாகச் சொன்னால் அதுகூடத் தெரியாது. தான் எவ்வளவு சூடாகிறோம் என்பது மட்டும்தான் தெரியும். வோல்டேஜ் எகிறியதா இல்லையா என்பது அதன் கவலையே இல்லை.

மின்சாதனங்களுக்கு வரும் கேடுகளில் இரண்டை இங்கே பார்க்கிறோம். ஒன்று ஓவர்லோடு, அதாவது தாங்கக்கூடியதைவிடக் கூடுதல் கரண்ட். இன்னொன்று ஓவர்வோல்டேஜ், தாங்கக்கூடியதைவிடக் கூடுதல் மின்னழுத்தம். பேச்சில் இரண்டையும் சேர்த்து "கரண்ட் ஜாஸ்தியா வந்து போயிடுச்சு" என்று முடித்துவிடுகிறோம். ஆனால் இரண்டும் பொருளைக் கெடுக்கும் விதம் வேறு, அதற்கு எடுத்துக்கொள்ளும் நேரமும் வேறு. ஒன்றுக்குச் சில நிமிடங்கள், சில மணி நேரம்கூட ஆகும். இன்னொன்றுக்கு ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு மைக்ரோ விநாடி போதும். இந்த நேர வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் பாதுகாப்புச் சாதனங்கள் ஏன் இத்தனை வகையாக இருக்கின்றன என்பது தானாகவே விளங்கும். தண்ணீர்க் குழாய் உவமையை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். நான் அதை இங்கே எடுக்கவில்லை. அது பாதி தூரம்தான் கூட வரும்.

சூடு என்னும் பொறுமைசாலி

வயரில் கரண்ட் ஓடினால் சூடு வரும். அந்தச் சூடு கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும். 10 ஆம்பியர் ஓடவேண்டிய வயரில் 12 ஆம்பியர் ஓடினால், இருபது சதவீதம்தானே கூடுதல் என்று தோன்றும். சூடோ 44 சதவீதம் கூடிவிடும். 20 ஆம்பியர் ஓடினால் நான்கு மடங்கு. செம்புக்கு இது ஒரு பொருட்டே இல்லை, அது ஆயிரம் டிகிரிக்கு மேல்தான் உருகும். அடிபடுவது மேலே போர்த்தியிருக்கும் பிளாஸ்டிக். சாதாரண பிவிசி இன்சுலேஷன் நிரந்தரமாக 70 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் என்று வைத்துத்தான் இந்த வயர் இத்தனை ஆம்பியர் என்று கணக்கிடுகிறார்கள்.

அதைத் தாண்டினால் அன்றைக்கே தீப்பிடித்துவிடும் என்று இல்லை. பிளாஸ்டிக் காய்ந்து இறுகும், நாளாக ஆக வெடிப்பு விடும். மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர் காயில்களைப் பற்றித் தொழிலில் ஒரு தோராயக் கணக்குச் சொல்வார்கள்: ஒவ்வொரு 10 டிகிரி கூடுதல் சூட்டுக்கும் இன்சுலேஷனின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகக் குறையும். இருபது வருடம் ஓடவேண்டிய மோட்டார், 20 டிகிரி கூடுதலாகவே ஓடிக்கொண்டிருந்தால் ஐந்து வருடத்தில் படுத்துவிடும். யாரும் அதை ஓவர்லோடு என்று சொல்லமாட்டார்கள். பழசாகிவிட்டது என்பார்கள்.

சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் வயரும் இதே கதைதான். விரித்துப் போட்டால் தாங்கும் கரண்ட்டைச் சுருளாகக் கிடக்கும்போது தாங்காது. கரண்ட் அதேதான், சூடு வெளியேற வழி இல்லை. ஹீட்டர் மாதிரி பெரிய லோடு போடும்போது சுருளை முழுக்க அவிழ்த்துவிடச் சொல்வது அதனால்தான்.

இப்போது காவலுக்கு ஒரு ஆளை வைக்க வேண்டும். அவன் அவசரக்காரனாக இருந்தால் ஆகாது. மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது ஓடும் கரண்டைவிட ஐந்து முதல் ஏழு மடங்கு இழுக்கும். சில விநாடிகளில் அடங்கிவிடும். பவர் சப்ளையும் அப்படித்தான், ஸ்விட்ச் போட்ட அந்தக் கணத்தில் காலியான கெபாசிட்டர் நிரம்புவதற்காக ஒரு பெரிய வாய் இழுத்துக்கொள்ளும். இதற்கெல்லாம் இணைப்பைத் துண்டித்துக்கொண்டிருந்தால் எதையும் ஓட்ட முடியாது. அதே ஆள் ஷார்ட் சர்க்யூட் ஆனால் மட்டும் கண் இமைக்கும் நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. பொறுமையும் வேண்டும், வேகமும் வேண்டும்.

கரண்ட் எல்லை மீறினால் தானே அணைந்துவிடும் (டிரிப் ஆகும்) ஸ்விட்ச்தான் எம்சிபி. அதற்குள் இந்த இரண்டு குணத்துக்கும் இரண்டு தனி உறுப்புகள் இருக்கின்றன. சூட்டுக்கு வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிய ஒரு பட்டை. கரண்ட் கூடினால் அது சூடாகி மெல்ல வளைந்து, கடைசியில் கொக்கியைத் தட்டிவிடும். அதோடு சேர்ந்து ஒரு சின்னக் காயில். கரண்ட் பல மடங்கு பாய்ந்தால் அது காந்தமாகி உடனே கொக்கியை இழுத்துவிடும். இப்படி இரண்டையும் ஒரே சிறு பெட்டிக்குள் அடக்கியவர் ஹ்யூகோ ஸ்டோட்ஸ் என்ற பொறியாளர். 1924-இல் பிரௌன் போவரி நிறுவனத்தின் பேரில் அதற்குக் காப்புரிமை எடுத்தார்கள். நூறு வருடம் ஆகியும் உள்ளே இருக்கும் ஏற்பாடு பெரிதாக மாறவில்லை.

புதியவர்கள் பெரும்பாலும் நம்ப மறுக்கும் ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். 16 ஆம்பியர் எம்சிபி, 17 ஆம்பியர் ஓடினால் டிரிப் ஆகாது. ஆகவும் கூடாது. வீட்டு எம்சிபிகளுக்கான சர்வதேசத் தரத்தின்படி, குறித்த அளவைப்போல் 1.13 மடங்கு கரண்டில் ஒரு மணி நேரம் அது அசையாமல் இருக்க வேண்டும். 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் டிரிப் ஆகிவிட வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 16 ஆம்பியருக்கு இவை சுமார் 18, 23. அதாவது 22 ஆம்பியர் ஒரு மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்தாலும் எம்சிபி ரிப்பேர் என்று சொல்ல முடியாது. முகப்பில் எண்ணுக்கு முன்னால் இருக்கும் பி, சி, டி என்ற எழுத்து இன்னொரு தகவல், அந்தக் காயில் எப்போது இழுக்கும் என்பது. பி என்றால் 3 முதல் 5 மடங்கு, சி என்றால் 5 முதல் 10, டி என்றால் 10 முதல் 20. மோட்டார் உள்ள இடத்தில் பி வகையைப் போட்டுவிட்டு, ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் டிரிப் ஆகிறதே என்று எம்சிபியைத் திட்டுபவர்கள் உண்டு.

இந்த எண்களிலிருந்து ஒன்று புரிகிறது. எம்சிபி காப்பது சுவருக்குள் ஓடும் வயரை. பிளக்கில் செருகியிருக்கும் டிவியை அல்ல. டிவிக்குள் ஏதோ ஒன்று கெட்டு அது 3 ஆம்பியர் இழுத்துக் கருகிக்கொண்டிருந்தாலும் 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது சாதாரண லோடு. அதனால்தான் சாதனத்துக்குள்ளே அதன் அளவுக்கு ஏற்ற சொந்த பியூஸ் இருக்கிறது. மோட்டாருக்கும் அப்படித்தான். ஸ்டார்ட்டிங் கரண்ட்டைத் தாங்கும்படி பெரிய பியூஸ் போட்டபிறகு, அது மெதுவான ஓவர்லோடைக் கண்டுகொள்ளாது. எனவே மோட்டாரின் முழு லோடு கரண்டுக்கு அளந்து வைத்த ஓவர்லோடு ரிலே தனியாக வேண்டும். பம்ப் இறுகிப்போனாலும், மூன்று ஃபேஸில் ஒன்று அறுந்தாலும், வோல்டேஜ் குறைந்தாலும் மோட்டார் கூடுதல் கரண்ட் இழுக்கும். ஆம், வோல்டேஜ் குறைந்தாலும்தான். அதே சுமையை இழுத்தாக வேண்டுமே.

பியூஸ், கொஞ்சம் கிட்டத்தில்

கண்ணாடி பியூஸின் உலோகத் தொப்பியில் பொடி எழுத்தில் ஏதோ பொறித்திருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள். எஃப் (F) என்றிருந்தால் வேகமாகப் போகும் ரகம். டி (T) என்றிருந்தால் பொறுமையான ரகம், ஸ்டார்ட்டிங் கரண்ட்டைச் சகித்துக்கொள்ளும். டி இருந்த இடத்தில் எஃப் போட்டால் ஸ்விட்ச் போட்டதுமே போகும். எஃப் இருந்த இடத்தில் டி போட்டால் சத்தமில்லாமல் வேலை செய்யும், ஆனால் உண்மையான கோளாறு வரும் அன்று பின்னால் இருக்கும் டயோடு (கரண்ட்டை ஒரு திசையில் மட்டும் விடும் உறுப்பு) முந்திக்கொண்டு போய்விடும். இரண்டாவது தவறுதான் ஆபத்து. ஏனென்றால் அது தவறாகவே தெரியாது.

ஆம்பியருக்கு அடுத்து ஒரு வோல்டேஜும் குறித்திருக்கும். அதை யாரும் பார்ப்பதில்லை. கம்பி உருகியதும் கரண்ட் நின்றுவிடும் என்று நினைக்கிறோம். நிற்காது. உருகிய இடைவெளியில் நெருப்புப் பொறி எழுந்து அதன் வழியே கரண்ட் தொடர்ந்து ஓடப் பார்க்கும். அந்தப் பொறியை எத்தனை வோல்ட் வரை அணைக்க முடியும் என்பதுதான் அந்த எண். வண்டிகளில் வரும் தட்டையான பிளாஸ்டிக் பியூஸ் பொதுவாக 32 வோல்ட்டுக்கு ஆனது. ஆம்பியர் பொருந்துகிறதே என்று அதை 230 வோல்ட் லைனில் போட்டால், போகவேண்டிய நேரத்தில் எரிந்துகொண்டே இருக்கும். பெரிய கரண்ட் பாயக்கூடிய இடங்களில் வரும் பீங்கான் பியூஸ்களுக்குள் மணலை நிரப்புவது பொறியின் சூட்டை உறிஞ்சி அணைக்கத்தான்.

டிசியில் இந்தத் தொல்லை இன்னும் கூடுதல். ஏசி கரண்ட் 50 ஹெர்ட்ஸில் விநாடிக்கு 100 முறை சுழியைத் தொடுகிறது. பொறிக்கு அணைய ஒரு வாய்ப்பு தானாகவே கிடைக்கிறது. டிசிக்கு அப்படி ஓய்வே கிடையாது. சோலார் பேனல் லைனில் டிசிக்கென்றே செய்த பியூஸ், பிரேக்கர்தான் போட வேண்டும் என்று வற்புறுத்துவதன் காரணம் இது.

கற்றுக்கொள்ளும் நாட்களில் நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். கையில் பியூஸ் இல்லை. சும்மா ஒரு நிமிடம் ஓட்டிப் பார்ப்போம் என்று பியூஸ் ஹோல்டரில் வயரிலிருந்து உருவிய ஒரு செம்பு இழையை வைத்தேன். ஒற்றை இழைதானே, சீக்கிரம் உருகிவிடும் என்று நினைப்பு. அது உருகவே இல்லை. டிரான்ஸ்ஃபார்மரின் வார்னிஷ் வாசனைதான் முதலில் வந்தது. தலைமுடி மாதிரி இருக்கும் ஒரு செம்பு இழைகூடச் சில ஆம்பியரைச் சாதாரணமாகத் தாங்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். பியூஸ் கம்பி மெல்லியதாக இருப்பது மட்டும் போதாது. எத்தனை ஆம்பியரில், எத்தனை நேரத்தில் உருக வேண்டும் என்று அளந்து செய்த பொருள் அது.

யுஎஸ்பி போர்ட்களிலும் பேட்டரிப் பேக்குகளிலும் இன்னொரு ரகம் இருக்கும். தானே மீளும் பியூஸ். கரித்தூள் கலந்த ஒரு பிளாஸ்டிக் அது. சூடானால் பிளாஸ்டிக் விரிந்து, கரித்துகள்கள் ஒன்றையொன்று தொடாமல் விலகும், மின்தடை எகிறும். ஆறியதும் பழைய நிலைக்கு வரும். மாற்ற வேண்டியதில்லை என்பது வசதி. ஆனால் அது முழுசாகத் துண்டிப்பதில்லை, கொஞ்சம் கரண்ட் கசிந்துகொண்டுதான் இருக்கும்.

சரி, வோல்டேஜ்

சூடு ஏறுவதற்கு நேரம் தேவை. இன்சுலேஷன் பொத்துக்கொள்வதற்கு அது தேவையில்லை. எந்த மின்காப்புப் பொருளுக்கும் ஒரு எல்லை உண்டு, அதைத் தாண்டிய கணமே துளை விழுந்துவிடும். மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டர் வகையில் பலவற்றின் கேட், அதாவது கட்டுப்படுத்தும் முனை, தாங்குவது சுமார் 20 வோல்ட்தான். உலர்ந்த நாளில் செருப்பைத் தேய்த்து நடந்தாலே நம் உடம்பில் சில ஆயிரம் வோல்ட் சேர்ந்துவிடும். விரல் நுனியில் சுருக்கென்று நமக்கு உறைக்கவே ஏறத்தாழ 3000 வோல்ட் ஆகவேண்டும். அதாவது நமக்கு ஒன்றுமே தெரியாமல் ஒரு சில்லைக் கொன்றுவிட முடியும். போர்டில் வேலை செய்பவர்கள் மணிக்கட்டில் எர்த் பட்டை கட்டிக்கொள்வது அலங்காரத்துக்கு இல்லை.

சர்ஜ், அதாவது வோல்டேஜ் கண நேரத்துக்கு எகிறுவது, என்றதும் எல்லோருக்கும் மின்னல்தான் நினைவுக்கு வரும். மின்னல் பெரிய எதிரிதான். ஆனால் அன்றாடம் வரும் சின்னச் சின்ன சர்ஜ்களை நம் சாதனங்களே பிறப்பிக்கின்றன. அதில் ஒன்றை மட்டும் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம்.

ஒரு 12 வோல்ட் ரிலே, அதாவது காயில் காந்தமாகி இயக்கும் ஸ்விட்ச். அதன் காயிலின் மின்தடை 400 ஓம் என்று வையுங்கள். அப்படியானால் ஓடும் கரண்ட் 30 மில்லி ஆம்பியர். ஒரு சின்ன டிரான்சிஸ்டர் அதை ஆன், ஆஃப் செய்கிறது. பிசி 547 மாதிரி ஒன்று, 45 வோல்ட் தாங்கும். 12 வோல்ட் சப்ளைக்கு இது தாராளம் என்றுதானே தோன்றும்? இப்போது டிரான்சிஸ்டரை ஆஃப் செய்கிறோம். காயிலுக்கு ஒரு பிடிவாதம் உண்டு: தன்னுள் ஓடும் கரண்ட் சட்டென்று நிற்பதை அது ஒத்துக்கொள்ளாது. வழியை அடைத்தால் அந்த 30 மில்லி ஆம்பியரை எப்படியாவது தள்ளிவிட, வோல்டேஜை ஏற்றிக்கொண்டே போகும். சில நூறு வோல்ட் வரை போகும். வேறு வழி கிடைக்காததால் டிரான்சிஸ்டரைத் துளைத்துக்கொண்டு போகும். முதல் நாளே செத்தால் நல்லது. பெரும்பாலும் ஆயிரம் தடவை வேலை செய்துவிட்டு ஆயிரத்தொன்றாவது தடவை சாகும், காரணம் யாருக்கும் புரியாது.

மருந்து ஒரே ஒரு டயோடு. 1 என் 4007 தாராளம். காயிலின் இரு முனைகளுக்கும் குறுக்கே, டயோடில் கோடு போட்டிருக்கும் பக்கம் பிளஸ் முனையில் வருமாறு. சாதாரண நேரத்தில் அது தலைகீழாக இருப்பதால் கரண்ட் கடக்காது. ஆஃப் செய்ததும் காயிலின் வோல்டேஜ் திசை மாறும், டயோடு வழிவிடும், அந்தக் கரண்ட் காயிலுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓய்ந்துவிடும். வோல்டேஜ் 12-க்கு மேல் ஒரு வோல்ட்கூட ஏறாது. இதற்கு ஒரு விலை உண்டு, ரிலே விடுபடுவது சில மில்லி விநாடி தாமதமாகும். பெரும்பாலான இடங்களில் அது பொருட்டில்லை. டயோடைத் திருப்பிப் போட்டுவிட்டால் மட்டும் ஆன் செய்த மறுகணம் ஷார்ட். ஏசி காயிலுக்கு டயோடு சரிப்படாது. அங்கே ஒரு ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் சேர்ந்த ஸ்னப்பர், அல்லது அடுத்து பார்க்கப்போகும் வாரிஸ்டர்.

டயோடு வோல்டேஜோடு மல்லுக்கு நிற்கவில்லை, கரண்ட் போவதற்கு ஒரு வழியைத்தான் திறந்துவிட்டது. ஓவர்வோல்டேஜ் பாதுகாப்பு என்றாலே இந்த உத்திதான். பியூஸ் பாதையை அறுக்கும். இவை பக்கவழி ஒன்றைத் திறக்கும்.

நீல வட்டு

தொடக்கத்தில் பிளந்து கிடந்த அந்த வட்டுதான் வாரிஸ்டர், எம்ஓவி என்றும் சொல்வார்கள். துத்தநாக ஆக்சைடு தூளை அழுத்திச் சுட்ட ஒரு பீங்கான் வில்லை. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே நிற்கும். சாதாரண வோல்டேஜில் அது இருப்பதே தெரியாது. எல்லை தாண்டினால் மின்தடை சட்டென்று விழுந்து, சர்ஜைத் தன் வழியே இழுத்துக்கொள்ளும். சில நானோ விநாடிகளில் இது நடந்துவிடும்.

அதன் மேல் 14 டி 431 என்று எழுதியிருந்தால், 14 என்பது வட்டின் விட்டம் மில்லிமீட்டரில். 431 என்பது 43-க்குப் பின்னால் ஒரு சைபர், அதாவது 430 வோல்ட். அந்த வோல்டேஜில்தான் அது ஒரு மில்லி ஆம்பியர் கடத்தத் தொடங்கும். நிரந்தரமாக 275 வோல்ட் ஏசி வரை தாங்கும். 230 வோல்ட் ஏசியின் உச்சி 325 வோல்ட் என்பதால் இடையில் போதிய இடைவெளி இருக்கிறது.

இங்கே ஒரு தப்பான நம்பிக்கையை உடைத்தாக வேண்டும். 275 வரை தாங்கும் என்பதால் 275 வோல்ட்டுக்கு மேல் போகாமல் அது பிடித்துக்கொள்ளும் என்று அர்த்தம் இல்லை. சில பத்து ஆம்பியர் சர்ஜ் வரும்போது அதன் குறுக்கே சுமார் 700 வோல்ட் இருக்கும். பல ஆயிரம் வோல்ட்டாக வந்திருக்க வேண்டியதை 700-ஆக வெட்டிக் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். மிச்சத்தைப் பின்னால் இருப்பவர்கள் தாங்கிக்கொள்ள வேண்டும். பவர் சப்ளையில் பெரிய கெபாசிட்டர் அந்தக் குட்டி நேர ஏற்றத்தை விழுங்கிவிடும்.

இன்னொன்று, வாரிஸ்டர் தேய்கிற பொருள். ஒவ்வொரு பெரிய சர்ஜும் அதன் ஆயுளில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். தேயத் தேய அது கசியத் தொடங்கும், கசிந்தால் சூடாகும், சூடானால் இன்னும் கசியும். கடைசியில் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கவும் செய்யலாம். அதனால்தான் நல்ல சர்ஜ் புரொடெக்டரில் வாரிஸ்டரை ஒட்டியே ஒரு வெப்ப பியூஸ் இருக்கும், பாதுகாப்பு உயிரோடு இருக்கிறதா என்று காட்ட ஒரு விளக்கும் இருக்கும். அந்த விளக்கு அணைந்த பிறகும் ஸ்ட்ரிப்பில் கரண்ட் வரும். அது அப்போது வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்.

வாரிஸ்டருக்குத் தாங்கவே முடியாத ஒன்று, நீண்ட நேரம் நிற்கும் ஓவர்வோல்டேஜ். மூன்று ஃபேஸ் லைனில் நியூட்ரல் அறுந்துபோனால், ஃபேஸுக்கு ஃபேஸ் இருக்கும் 400 வோல்ட் இரண்டு ஃபேஸ்களின் லோடுகளுக்கு நடுவே பங்கு பிரியும். யார் பக்கம் லோடு குறைவோ அவர் பக்கம் வோல்டேஜ் கூடும், 300-க்கு மேல் போவது சகஜம். இது மைக்ரோ விநாடி விவகாரம் இல்லை. யாராவது மெயினை அணைக்கும் வரை நீடிக்கும். சர்ஜை விழுங்கப் பிறந்த வட்டு நிமிடக்கணக்கில் கரண்ட் கடத்தினால் வெடிக்கத்தான் செய்யும். இதற்குச் சரியான ஆள், வோல்டேஜை அளந்து வரம்பு மீறினால் இணைப்பையே துண்டிக்கும் ரிலே. அது ஒரு விநாடிக்குள் துண்டித்தாலே போதும். ஆனால் மின்னல் சர்ஜுக்கு அந்த ஒரு விநாடி ஒரு யுகம். ஸ்டெபிலைசரும் அப்படித்தான், அதன் ரிலே கிளிக் என்று மாறுவதற்குள் சர்ஜ் வந்து போய் வெகுநேரம் ஆகியிருக்கும். உயிர்காக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிடி பார்ப்பது எர்த்துக்குக் கசியும் கரண்டை. ஓவர்லோடும் சர்ஜும் அதன் வேலையே இல்லை.

பெரிய சர்ஜ்களுக்கு கேஸ் டியூப் இருக்கிறது. உள்ளே வாயு, இரண்டு முனைகள், வோல்டேஜ் ஏறினால் பொறி பாய்ந்து பல ஆயிரம் ஆம்பியரைக் கடத்தும். ஆனால் விழித்துக்கொள்ளச் சற்றே நேரமாகும். சர்ஜை வெட்டுவதற்கென்றே செய்த டிவிஎஸ் டயோடு மின்னல் வேகத்தில் விழிக்கும், ஆனால் பெரிய சுமை தாங்காது. ஆகவே வாசலில் கேஸ் டியூப், நடுவில் சின்ன ரெசிஸ்டரோ காயிலோ, சில்லுக்குப் பக்கத்தில் டிவிஎஸ் என்று கூட்டணி அமைப்பார்கள். முன்னவர் எழுந்திருக்கும்வரை பின்னவர் சமாளிப்பார்.

நல்ல சாதனத்தை வாங்கி மோசமாக மாட்டினால் பயன் இல்லை என்பதற்கும் ஒரு கணக்கு. ஒரு மீட்டர் வயருக்கு ஏறக்குறைய ஒரு மைக்ரோ ஹென்றி இண்டக்டன்ஸ் (காயிலைப் போலவே கரண்ட் மாறுவதை எதிர்க்கும் குணம்) உண்டு. சர்ஜ் கரண்ட் மைக்ரோ விநாடிக்கு 1000 ஆம்பியர் வேகத்தில் ஏறினால், அந்த ஒரு மீட்டரின் குறுக்கே மட்டும் 1000 வோல்ட் உருவாகும். மெயின் போர்டில் சர்ஜ் புரொடெக்டரை இணைக்கும் வயர்கள் மொத்தமாக அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது இதனால்தான். அழகாக மடித்து, வளைத்து, கட்டு கட்டிய வயர் பார்ப்பதற்கு நன்றாக இருக்கும். சர்ஜுக்கு அது பக்கவழி இல்லை, முட்டுச்சந்து.

பிரேதப் பரிசோதனை

இப்போது மேசை மேல் இருக்கும் அந்த போர்டுக்கு வருவோம். பிளக்கை உருவியாகிவிட்டது என்றாலும் கை வைக்க வேண்டாம். பெரிய கெபாசிட்டருக்குள் 325 வோல்ட் வரை தங்கியிருக்கலாம். ஒரு ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மீட்டரில் சுழி என்று பார்த்த பிறகுதான் விரல்.

முதலில் பியூஸ். கண்ணாடி தெளிவாக இருந்து, கம்பியில் சின்ன இடைவெளி மட்டும் விழுந்திருந்தால், வந்தது மிதமான ஓவர்லோடு, மெதுவாக உருகியிருக்கிறது. இங்கே கண்ணாடி முழுக்கக் கறுத்து, வெள்ளிப் பூச்சு மாதிரி உலோகம் தெறித்திருக்கிறது. நேர் ஷார்ட். எது ஷார்ட் ஆனது? பியூஸுக்கு அடுத்தே நிற்கும் நீல வட்டு. இந்த வரிசை தற்செயல் இல்லை, வடிவமைத்தவர் வேண்டுமென்றே வைத்தது. வோல்டேஜ் ஏறினால் பியூஸுக்குத் தெரியாது. வட்டுக்குத் தெரியும். வட்டு தன்னைக் கொடுத்து ஷார்ட் ஆகும்போது, வோல்டேஜ் பிரச்சினை கரண்ட் பிரச்சினையாக மாறிவிடுகிறது. அது பியூஸுக்குப் புரிகிற மொழி. சில பவர் சப்ளைகளில் இதையே தெரிந்து செய்வார்கள். வெளியே போகும் வோல்டேஜ் எல்லை மீறினால் தைரிஸ்டர் என்ற மின்னணு ஸ்விட்ச் ஒன்று லைனையே ஷார்ட் செய்து பியூஸைப் பலி கொடுத்து, பின்னால் இருக்கும் விலை உயர்ந்த போர்டைக் காப்பாற்றும். கடப்பாரையைக் குறுக்கே போடுவது போல் என்பதால் அதற்குக் க்ரோபார் என்றே பெயர்.

அப்படியானால் கெபாசிட்டர் ஏன் உப்பியது? அதுதான் துப்பு. வந்தது மைக்ரோ விநாடி சர்ஜ் என்றால் கெபாசிட்டர் அதை விழுங்கிவிட்டுச் சும்மா இருந்திருக்கும். 400 வோல்ட் கெபாசிட்டர் தலை உப்ப வேண்டுமானால் அதன் எல்லைக்கு மேல் வோல்டேஜ் கொஞ்ச நேரம் நின்றிருக்க வேண்டும். ஏசி 300 வோல்ட்டுக்கு உயர்ந்தாலே அதன் உச்சி 424. வட்டு சூடாகி, பிளந்து, ஷார்ட் ஆகும்வரை அந்த விநாடிகளைக் கெபாசிட்டர்தான் தாங்கியிருக்கிறது. ஆக இது மின்னல் இல்லை, பெரும்பாலும் எங்கோ நியூட்ரல் நழுவியிருக்கிறது. அதைச் சரிபார்க்காமல் போர்டை மட்டும் சரிசெய்து கொடுத்தால் அடுத்த வாரம் அதே மேசைக்கு வரும்.

வட்டையும் கெபாசிட்டரையும் பியூஸையும் மாற்றியாகிவிட்டது. டிரான்சிஸ்டர் ஷார்ட் இல்லை என்று மீட்டரும் சொல்கிறது. இருந்தாலும் நேராகப் பிளக்கில் செருகாதீர்கள். ஒரு 60 வாட் குண்டு பல்பை ஃபேஸ் லைனில் சீரியஸாக இணைத்து, அதன் வழியாகக் கரண்ட் கொடுங்கள். எல்லாம் சரியென்றால் கெபாசிட்டர் நிரம்பும்வரை பல்பு ஒருமுறை பளிச்சென்று மின்னி அடங்கிவிடும். உள்ளே இன்னும் ஷார்ட் இருந்தால் பல்பு நின்று எரியும், கரண்ட் சுமார் கால் ஆம்பியரோடு நின்றுவிடும், புதிதாகப் போட்ட பியூஸும் பிழைக்கும். எல்இடி பல்பு இதற்கு உதவாது, இழை உள்ள பழைய பல்புதான் வேண்டும்.